பின் சீட்டை யார் ஓட்டிப் பார்த்தது?

பைக் வாங்கப் போகிற நண்பர்கள் எல்லாரும் இப்போது கையில் ஒரு எக்ஸெல் ஷீட்டோடுதான் வருகிறார்கள். இடது ஓரத்தில் நான்கைந்து வண்டிகளின் பெயர். மேலே சிசி, பவர், டார்க், எடை, மைலேஜ், ஆன்ரோடு விலை. நல்ல பழக்கம்தான். எங்கள் அப்பா காலத்தில் எதிர்வீட்டு வாத்தியார் என்ன வண்டி வைத்திருந்தாரோ அதையே வாங்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்.

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் அப்படி ஒரு ஷீட்டை வாட்ஸப்பில் அனுப்பினான். 14 கட்டங்கள். சைலன்சர் சத்தத்துக்குக்கூடப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தான்.

"அண்ணே, எது எடுக்கலாம்?"

"பின்னாடி யாருடா உக்காரப் போறா?"

"அம்மாதான். காலைல வேலைக்குக் கொண்டுபோய் விடணும். கல்யாணம் ஆச்சுன்னா அப்புறம் அவ."

"அம்மா எந்த வண்டிக்கு எத்தனை மார்க் குடுத்தாங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு சிரிக்கிற பொம்மை வந்தது.

அந்தச் சிரிக்கிற பொம்மைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இந்த நாட்டில் பைக் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் போகிற வண்டி. அதைத் தேர்ந்தெடுக்கிற, ஒப்பிடுகிற, ஓட்டிப் பார்க்கிற வேலை முழுவதையும் முன்னால் உட்காருகிற ஒருவன் மட்டும் செய்கிறான். பின்னால் உட்காருகிறவருக்கு ஓட்டே இல்லை. இது மறதியால் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பழக்கம், அந்தப் பழக்கத்துக்கு அடியில் ஒரு திமிர்.

தம்பியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்தத் திமிரோடு ஆறு வருடம் வண்டி ஓட்டியவன் நான்.

*

என் முதல் பைக் 150 சிசி. சீட் இரண்டு துண்டாக இருக்கும். எனக்கு அகலமாக ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு சாண் உயரத்தில் நோட்டுப் புத்தகம் அளவுக்கு இன்னொன்று. பக்கவாட்டில் பார்த்தால் வால் தூக்கிய தேள் மாதிரி இருக்கும். அந்த வாலுக்காகத்தான் அதை வாங்கினேன் என்பதை இன்று ஒப்புக்கொள்ள முடிகிறது. முன்பணத்தில் பாதி அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு.

டெலிவரி எடுத்த அன்று அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. என் தோளைப் பிடித்து, இடது காலைக் கம்பியில் வைத்து, எம்பினார். முடியவில்லை. இரண்டாவது தடவை புடவை மாட்டியது. மூன்றாவது தடவை வாசல் திண்டில் ஏறி நின்று அங்கிருந்து உட்கார்ந்தார். காளவாசல் சிக்னல் தாண்டுவதற்குள் என் சட்டை கிழிகிற மாதிரிப் பிடித்திருந்தார்.

"எறக்கி விட்றுய்யா. நான் பஸ்ல வந்துர்றேன்."

இறங்கி நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஏற வரல."

அந்த வாக்கியத்தை அன்று நான் அப்படியே நம்பினேன். குறை அம்மாவின் முழங்காலில், வயதில், புடவையில். வண்டியில் குறை இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஆறு வருடம் கழித்து அதை விற்கும்போதுதான் கணக்குப் பார்த்தேன். அம்மா அதில் மொத்தம் மூன்று முறை ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனது ஷேர் ஆட்டோவில். ரேஷன் கடைக்கு நடை. வீட்டு வாசலில் அவர் காசில் பாதி வாங்கிய வண்டி நின்றுகொண்டிருந்தது.

*

இரண்டாவது வண்டி வாங்கும்போது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். மதுரை பைபாஸ் ரோட்டில் வரிசையாக இருக்கும் ஷோரூம்களில் நான்குக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, நான்கிலும் ஒரே நாடகம்தான்.

லைசென்ஸைக் காட்ட வேண்டும். ஒரு பேப்பரில் கையெழுத்து. டெமோ வண்டி வரும். பின்னால் சேல்ஸ் தம்பி ஏறிக்கொள்வார். ஒன்றரை கிலோமீட்டர் போய் யூ டர்ன் போட்டுத் திரும்ப வேண்டும். "செகண்ட் கியர்ல ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்க சார், பிக்கப் தெரியும்" என்பார். முறுக்குவோம். தெரியும். பத்து நிமிடத்தில் டெஸ்ட் ரைடு முடிந்தது.

இந்தப் பத்து நிமிடத்தில் என்ன தெரிந்துகொள்ள முடியும்? மைலேஜ் தெரியாது. கம்பெனி சொல்கிற மைலேஜ் ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. சிம்மக்கல் நெரிசலில் உங்களுக்குக் கிடைப்பது வேறு. எஞ்சின் சூடு தெரியாது, அதற்கு அரைமணி நேர டிராஃபிக் வேண்டும். முதுகுவலி தெரியாது, அதற்கு நூறு கிலோமீட்டர் வேண்டும். சர்வீஸ் எப்படி இருக்கும் என்பது தெரிய இரண்டு வருடம் வேண்டும். பத்து நிமிடத்தில் உறுதியாகத் தெரியக்கூடியவை சில உண்டு. தரையில் கால் எட்டுகிறதா, நிறுத்திய வண்டியைப் பின்னால் தள்ள முடிகிறதா, நெருக்கத்தில் திருப்ப முடிகிறதா, பின்னால் உட்காருகிறவரால் ஏறி இறங்க முடிகிறதா. இந்த நான்கையும் எந்தச் சேல்ஸ் தம்பியும் எனக்குச் செய்து பார்க்கச் சொல்லவில்லை. முறுக்கத்தான் சொன்னார்கள்.

முதல் ஷோரூமில் கேட்டேன்: "தம்பி, எங்கம்மாவ ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ப் பாக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது. "ஃபேமிலியெல்லாம் டெலிவரி அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க சார். போட்டோ எடுத்துக்கலாம்."

அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்திருப்போம். வண்டிக்கு மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கையில் அட்டையில் செய்த பெரிய சாவி. குடும்பம் வரிசையாக நின்று சிரிக்கும். வண்டியைத் தேர்ந்தெடுக்கிற நாளில் வேண்டாதவர்கள் வாங்கி முடித்த நாளில் போட்டோவுக்கு வேண்டும். நம் வீடுகளில் பல முடிவுகள் நடக்கிற விதமும் இதுதான் என்பதால் அந்தத் தம்பியை மட்டும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு வேடிக்கை. டெஸ்ட் ரைடில் பின் சீட் காலியாகப் போவதில்லை. அதில் சேல்ஸ் தம்பி இருக்கிறார். இருபத்தைந்து வயசு, பேண்ட் போட்டவர், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவர், வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கத் தெரிந்தவர். இந்தியாவின் எல்லாப் பின் சீட்டுகளையும் சோதித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

*

"பின்னாடி ஒருத்தர் உக்காந்தா என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு.

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் எடை சுமார் 112 கிலோ. பின்னால் 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் வண்டியின் எடையில் பாதிக்கு மேல் புதிதாக வந்து சேருகிறது. அதுவும் கீழே எஞ்சின் பக்கம் இல்லை, மேலே, பின் சக்கரத்துக்கு நேராக. பின் ஸ்பிரிங் அமுங்குகிறது. முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஹேண்டில் லேசாகிறது. ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் வேண்டும். இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் பல வண்டிகளில் பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கப் படிப்படியான திருகு இருக்கிறது. பின் டயரில் ஒருவர் போனால் இவ்வளவு காற்று, இருவர் போனால் இவ்வளவு என்று கையேட்டில் இரண்டு அளவு போட்டிருக்கிறார்கள். அந்தத் திருகை ஒருமுறையாவது திருப்பியவர்கள் கை தூக்குங்கள்.

ஆக, தனியாக ஓட்டிப் பார்த்த வண்டியும் தினம் ஓட்டப்போகிற வண்டியும் ஒன்றே அல்ல. காலிக் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு மைல் தண்ணி சுமக்க ஒத்துக்கொள்கிற கதை இது. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் டிவிஎஸ் எக்ஸெல் மாற்றியபோது, தெரிந்தவர் வண்டியை வாங்கி இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டி மேடேறிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து அவர் என்ன செய்ய? அவர் பிழைப்பு கேனில் இருக்கிறது. பால் கேனுக்குக் கிடைத்த மரியாதை என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொன்று. கம்பெனிப் பிரசுரங்களில் சீட் உயரம் என்று ஒரு எண் இருக்கும். ஸ்ப்ளெண்டருக்கு 785 மில்லிமீட்டர், கிளாசிக் 350-க்கு 805, கேடிஎம் 390 அட்வென்ச்சர் முதலில் வந்தபோது 855. இதெல்லாம் ஓட்டுகிறவரின் சீட் உயரம். பின் சீட்டின் உயரத்தை நான் புரட்டிய எந்தப் பிரசுரத்திலும் பார்த்ததில்லை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். அந்த உயரத்தில், புடவையில், பிடிக்கக் கம்பி இல்லாமல், ஓட்டுகிறவனின் சீட்டைவிட ஒரு சாண் மேலே ஏற வேண்டியவருக்கு எந்த எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது? எண் இல்லாததால் எக்ஸெல் ஷீட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அப்படி ஒரு பிரச்சினையே இல்லை.

*

நான்கு ஷோரூமும் கைவிரித்த பிறகு வேறு ஒன்று செய்தேன். நண்பனை வரச்சொல்லி, அவன் 160 சிசி வண்டியில் அவனை ஓட்டச்சொல்லி, பின்னால் நான் உட்கார்ந்தேன். அம்மா உட்காருகிற மாதிரி, இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு.

"லேய், ஊரே பாக்குதுடா" என்றான். பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆண் அப்படி உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. ஒரு பெண் அப்படி உட்காராவிட்டால் சில வீடுகளில் இன்றும் முகம் சுளிப்பு வருகிறது. என் தங்கை முதன்முதலில் சுடிதாரில் இரண்டு பக்கம் கால் போட்டு உட்கார்ந்தபோது அப்பா எதுவும் பேசாமல் வண்டியை எடுத்தார். அந்தப் பேசாமை எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

சரி, சவாரிக்கு வருகிறேன். வண்டி கிளம்பியதும் உடம்பு பின்னால் சரிந்தது. பிரேக் அடித்ததும் என் வலது தோள் அவன் முதுகில் இடித்தது. இடது பக்கம் திரும்பும்போது தார் ரோடு முகத்துக்கு நேராக எழும்பி வந்தது. வலது பக்கம் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் சாய ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஓட்டுகிறவனுக்கு வேகத்தடை தெரிகிறது, தூக்கிப்போடுவதற்குள் காலை ஊன்றிக்கொள்கிறான். எனக்கு ஓரமாக ஓடுகிற கடைகள்தான் தெரிந்தன. பள்ளம் இடுப்பெலும்பில் விழுந்த பிறகுதான் பள்ளம் என்று புரிந்தது. எல்லாவற்றையும்விட முழங்கால். பஸ்ஸுக்கும் நிற்கிற காருக்கும் நடுவில் அவன் தன் ஹேண்டில் அகலத்தைக் கணக்குப் பண்ணி நுழைந்தான். ஹேண்டிலைத் தாண்டி என் இரண்டு முட்டியும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவன் கணக்கில் இல்லை. நானும் ஆயிரம் தடவை அப்படி நுழைந்திருக்கிறேன். என் பின்னால் என் மனைவி இருந்திருக்கிறாள்.

பழங்காநத்தம் வரை போகலாம் என்று கிளம்பினோம். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "நாலு கிலோமீட்டருக்கே இப்பிடியா? நான் கொடைக்கானல் வரைக்கும் வந்திருக்கேன்" என்றாள்.

*

சட்டம் இதையெல்லாம் நம்மைவிட முன்பே யோசித்திருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு, பின்னால் ஒருவர்தான் போகலாம், அவருக்கும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே உறுதியாகப் பொருத்திய முறையான இருக்கை வேண்டும் என்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி, பிடித்துக்கொள்ள நிரந்தரக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் மாட்டாதபடி பின் சக்கரத்தின் பாதியாவது மூடுகிற தடுப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்கிறோமே, அதுதான். பொழுதுபோகாத எவரோ எழுதிய விதி இல்லை இது. துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சுற்றி விழுந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் உண்டா?

நம் பையன்கள் வண்டி எடுத்ததும் முதலில் கழற்றுவது அந்தச் சாரி கார்டைத்தான். "லுக் போயிருதுண்ணே." அடுத்து கைப்பிடிக் கம்பி. சட்டம் பின்னால் இருக்கிறவருக்காகக் கட்டாயமாக்கிய இரண்டு பொருள், ஓட்டுகிறவனின் லுக்குக்காக ஸ்க்ரூ டிரைவரால் போகிறது.

இந்த லுக் வானத்திலிருந்து விழவில்லை. 2001-ல் பஜாஜ் பல்சர் வந்தபோது அதன் விளம்பர வாசகமே 'டெஃபினிட்லி மேல்'. நிச்சயமாக ஆண். ஒரு இயந்திரத்துக்கு ஆண்பால் கொடுத்து விற்றார்கள், வாங்கினோம். வண்டி நன்றாகத்தான் ஓடியது, நானும் ஓட்டியிருக்கிறேன். ஆனால் வண்டியே ஆம்பளை என்று முடிவான பிறகு அதன் பின் சீட் யாருக்கு? வரவர அது சுருங்கி உயர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஹெல்மெட்டுக்கு வருவோம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் அணியாமல் இறந்த இருசக்கர வாகனக்காரர்கள் 50,029. அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் இல்லை, உடன் சென்றவர்கள். கியரைப் போடாத, பிரேக்கைத் தொடாத, வேகத்தைத் தீர்மானிக்காத பதினாலாயிரம் பேர். ஒன்றரை லட்சத்துக்கு வண்டி எடுக்கிறவன் அதில் நூற்றில் ஒரு பங்கு போட்டு இரண்டாவது ஹெல்மெட் வாங்க யோசிக்கிறான். எந்த ஒப்பீட்டு ஷீட்டிலும் இரண்டாவது ஹெல்மெட்டின் விலை இல்லை.

*

இதைப் பேசும்போது எனக்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

முதலாவது: "அம்மாவுக்குன்னா ஸ்கூட்டர் வாங்கு. பைக் நம்ம ஆசைக்கு." இரண்டு வண்டி வாங்கக் காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், எனக்கு வழக்கே இல்லை. தனியாகவே ஓட்டப்போகிறவன் ஒற்றை சீட் வண்டி வாங்கட்டும், அது நேர்மை. ஒரே வண்டி வாங்கி, அதில் குடும்பத்தையும் ஏற்றி, குடும்பக் காசில் தவணையும் கட்டி, அதை 'என் ஆசை' என்று சொல்வதுதான் இடிக்கிறது.

இரண்டாவது: "பின் சீட்டைப் பத்தி ஏன் பேசுற? பொம்பளைங்க முன்னாடி வந்து ஓட்டட்டும்." இது நல்ல பதில், பாதி சரியும்கூட. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது என்ன நடந்தது என்று தெரியும். தமிழக அரசு 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்ததும் அந்த வழிதான். என் தங்கை ஓட்டுகிறாள், என் மகளும் ஓட்டுவாள். ஆனால் அறுபது தாண்டிய அம்மா இனிமேல் முன் சீட்டுக்கு வரப்போவதில்லை. ஒருகாலத்தில் கற்றுக்கொடுத்திருக்கலாம், யாரும் கொடுக்கவில்லை. முன் சீட்டையும் கொடுக்காமல் பின் சீட்டையும் உட்கார முடியாததாக்குவது என்ன நியாயம்? தவிர, பின்னால் உட்காருகிறவர் எப்போதும் பெண்ணும் இல்லை. வயசான அப்பா, கால் உடைந்த நண்பன், ஏன், மனைவி ஓட்ட நானே.

மூன்றாவது: "இவ்வளவு யோசிச்சா பைக் வாங்கவே முடியாது." சைலன்சர் சத்தத்துக்குப் பத்துக்கு எட்டரை மார்க் போட யோசித்தவர்களுக்கு இதற்கும் யோசிக்க நேரம் இருக்கும்.

*

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஷோரூமுக்குப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரைக் கூட்டிப் போங்கள். அவர் வழக்கமாக என்ன உடுத்துவாரோ அதே உடையில். வண்டியை ஸ்டாண்டில் இருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டு, அவரைத் தானாக ஏறி இறங்கச் சொல்லுங்கள், மூன்று தடவை. கை எங்கே போகிறது, கால் எங்கே தேடுகிறது என்று பாருங்கள். பின் சீட்டில் அவரோடு ஒரு ரவுண்டு தரமாட்டேன் என்கிற கடையில் வாங்காமல் வந்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே ஒருதடவை பின்னால் உட்கார்ந்து வாருங்கள். விமர்சனம் எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் பின் சீட்டின் உயரத்தை ஒரு டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். அளக்க அரை நிமிடம் ஆகாது.

ஐந்தாவதாகப் போன சின்னக் கடையில் அம்மாவை ஏற்றிப் பார்க்க விட்டார்கள். அம்மாவின் ஒப்பீட்டு முறை எளிமையானது. கம்பியை ஆட்டிப் பார்த்தார். கால் பலகையில் செருப்போடு நின்று பார்த்தார். சீட்டைக் கையால் அமுக்கினார். கடைசியில் நீளமான ஒரே சீட் உள்ள 125 சிசி வண்டி ஒன்றைக் காட்டி "இதுல பையவும் மடில வச்சுக்கலாம்" என்றார். நண்பர்கள் அதை மாமா வண்டி என்கிறார்கள். சிக்னலில் எவனாவது உறுமிக்கொண்டு கிளம்பும்போது எனக்கு இன்னும் உள்ளே எதுவோ செய்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு இப்போது ஷேர் ஆட்டோ இல்லை.

எக்ஸெல் ஷீட் தம்பி போன வாரம் பேசினான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவன் முதல் மார்க் போட்டிருந்த வண்டியை அவர் ஏறிய வேகத்தில் இறங்கி வேண்டாம் என்றுவிட்டாராம். இரண்டாவதில் கால் எட்டவில்லை.

"என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க, எல்லாம் மாறிப்போச்சு" என்று அலுத்துக்கொண்டான்.

இன்னும் வாங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மறுபடி போகிறார்களாம்.